ஊட்டி, கொடை குளிருக்கு எந்த நம்பர் இன்ஜின் ஆயில் ஊத்தறது?

டிசம்பர் பொறந்துட்டா போதும், ஊட்டி குன்னூர் ஸ்பேர்ஸ் கடைகள்ல இந்தக் கேள்வி வந்துரும், "அண்ணா குளிர் ஜாஸ்தி ஆயிருச்சு, லேசான ஆயிலா பாத்துக் குடுங்க"ன்னு. கொடைக்கானல்லயும் அதே கதைதான். கடைக்காரர் கையில இருக்கறத எடுத்துக் குடுப்பாரு, மெக்கானிக் அவர் வழக்கமா ஊத்தறத ஊத்துவாரு, வண்டிக்காரருக்கு டப்பா மேல என்ன எழுதியிருக்குன்னே தெரியாது. கீழ சமவெளில இருந்து வேலைக்கு மாத்தலாகி மேல வந்தவங்க, இங்கயே பொறந்து இப்பதான் மொத வண்டி எடுத்தவங்க, உங்க ரெண்டு பேருக்கும்தான் இது.

மொதல்லயே சொல்லிடறேன். நம்ம மலைக்குளிர்ல ஆயில் நம்பர தப்பா எடுத்து இன்ஜின் போச்சுங்கறது ரொம்ப அபூர்வம். வண்டிய தேய்க்கிறது மேட்டுப்பாளையத்துல இருந்து ஏத்தறதும், இஞ்சின் சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ற குட்டிக்குட்டி ஓட்டமும்தான். ஆயில் எடுக்கறப்ப குளிர மட்டும் பாக்காதீங்க, இதையும் சேத்துப் பாருங்க.

நம்பர எப்படி படிக்கிறது

டப்பா மேல 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 இப்படி இருக்கும். டபிள்யூவுக்கு முன்னாடி இருக்க நம்பர் குளிர்ல ஆயில் எப்படி இருக்கும்ங்கறதுக்கு, டபிள்யூன்னா விண்டர். பின்னாடி இருக்கறது இன்ஜின் நல்லா சூடான பிறகு, 100 டிகிரில, ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்குதுங்கறதுக்கு. ரெண்டும் ரெண்டு தனித்தனி டெஸ்ட். அதனால முன் நம்பரையும் பின் நம்பரையும் கூட்டிக் கழிச்சு பாத்து எந்தப் பிரயோஜனமும் இல்ல.

முன் நம்பர் சின்னதா இருந்தா குளிர்ல சீக்கிரம் ஓடும். எஸ்ஏஇங்கற வண்டி இன்ஜினியர்கள் சங்கம் போட்ட விதிப்படி 20டபிள்யூ ஆயில மைனஸ் 15 டிகிரில வெச்சு இன்ஜின் சுத்துமான்னு பாப்பாங்க, 15டபிள்யூவ மைனஸ் 20ல, 10டபிள்யூவ மைனஸ் 25ல, 5டபிள்யூவ மைனஸ் 30ல, 0டபிள்யூவ மைனஸ் 35ல. பம்பு ஆயில இழுத்து மேல தள்ளுமாங்கறத அதவிட இன்னும் 5 டிகிரி கீழ போயி பாப்பாங்க.

இப்ப நம்ம ஊர் குளிர இதுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கம் உறைபனி கொட்டற ராத்திரில சைபருக்கு வரும், சில வருஷம் சைபருக்குக் கீழயும் கொஞ்சம் போகும், புல்லெல்லாம் வெள்ளையா கெடக்கும். கொடைக்கானல் லேக் ஓரம், மன்னவனூர் பக்கமும் உறைபனி உண்டு. ஆனா மைனஸ் 15 எங்க, நம்ம சைபர் எங்க. கடைல இருக்கறதுலயே பெரிய முன் நம்பரான 20டபிள்யூ கூட இங்க ஸ்டார்ட் ஆகற அளவுக்கு ஓடும். அதனால யாராவது "ஊட்டிக்கு 0டபிள்யூ போட்டே ஆகணும், இல்லன்னா இன்ஜின் ஜாம் ஆயிரும்"னு சொன்னா சிரிச்சுட்டு வந்துருங்க, அது காஷ்மீர், லடாக் போறவங்களுக்குச் சொல்ற பேச்சு.

அப்ப முன் நம்பரே முக்கியம் இல்லியான்னா, அப்படியும் இல்ல. குளிர்காலத்துல காலைல தேங்காண்ணை டப்பாவ வெயில்ல வெச்சுதான எடுக்கிறோம், அந்த மாதிரி ஆயில் உறைஞ்சு கட்டியாகாது, ஆனா கெட்டியாகி மெதுவா ஓடும். சைபர் டிகிரில ஒரு சாதாரண 20டபிள்யூ-50 ஆயில், 5டபிள்யூ-30 ஆயிலவிட கிட்டத்தட்ட மூணு நாலு மடங்கு கெட்டியா இருக்கும். ஸ்டார்ட் ஆகும், ஆனா மேல கேம்ஷாஃப்ட், வால்வு வரைக்கும் ஆயில் போயிச் சேர அந்தக் கொஞ்ச நேரம் கூட ஆகும், அந்த நேரத்துலதான் இரும்பும் இரும்பும் உரசுது. செல்ஃப் அடிச்சா இழுத்து இழுத்து சுத்தறதும் பாதி இதனாலதான், மீதி பேட்டரி, குளிர்ல பேட்டரிக்கும் தெம்பு கொறையும்.

பின் நம்பர்ல கை வைக்காதீங்க

குளிர் ஊருன்னு சொல்லி பின் நம்பரையும் கொறைக்கிற பழக்கம் இருக்கு பாருங்க, அதுதான் சரியில்ல. வெளிய சைபர் டிகிரி இருந்தாலும் இன்ஜின் உள்ள ஓடிச் சூடாகிட்டா தெர்மோஸ்டாட் அத 90 டிகிரி பக்கத்துல புடிச்சு வெக்கும். ஊட்டில இருந்தாலும் சரி மதுரைல இருந்தாலும் சரி, சூடான இன்ஜினுக்கு வேணும்கற ஆயில் கெட்டித்தனம் ஒண்ணுதான்.

நம்ம ரோட்ட யோசிச்சுப் பாருங்க. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து சுமாரா 300 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்துல ஏறக்குறைய ரெண்டு கிலோமீட்டர் நேர் உயரம் தூக்கறோம். ஏப்ரல் மாசம் கீழ 37, 38 டிகிரி வெயில், அஞ்சு பேரு, டிக்கி நெறைய சாமான், ஏசி ஓடுது, ரெண்டாவது கியர்ல பர்லியார் தாண்டி வளைவு வளைவா ஏறுது. வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கு ஏறினாலும் இதே நெலமைதான். அதுபோக மேல போகப் போக காத்து லேசாகும், ஊட்டி உயரத்துல காத்தழுத்தம் கீழ இருக்கறதுல முக்கால் பங்குதான், டர்போ இல்லாத வண்டிக்கு பவர் அந்த அளவுக்கு கொறையும், நீங்க ஆக்சிலேட்டர இன்னும் மிதிப்பீங்க. இந்த நேரத்துல ஆயில் படலம் கிழியாம நிக்கணும்னா பின் நம்பர் கம்பெனி சொன்ன அளவுல இருக்கணும். 40 போடச் சொன்ன பழைய இன்ஜின்ல 20 ஊத்தினா பேரிங்குக்கு நடுவுல நிக்கிற ஆயில் பத்தாது.

தலைகீழாவும் செய்யாதீங்க. 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 போடச் சொல்ற புது பெட்ரோல் கார்ல "ஏத்தத்துக்கு கெட்டியா இருக்கட்டும்"னு 20டபிள்யூ-50 ஊத்தறவங்களும் இருக்காங்க. அந்த இன்ஜினோட ஆயில் வழிகள், பேரிங் இடைவெளி, பம்பு எல்லாமே லேசான ஆயிலுக்குன்னு அளந்து செஞ்சது.

சரி, எப்படி எடுக்கிறது

வண்டியோட வந்த மேனுவல் புக்க எடுங்க. டேஷ்போர்டு பொட்டில ஆர்சி காப்பிக்கு அடில கெடக்கும், இல்லன்னா கம்பெனி சைட்ல இறக்கிக்கலாம். அதுல ஆயில் பக்கத்துல ஒரு சின்ன அட்டவணை இருக்கும், எந்த வெப்பநிலைக்கு எந்த நம்பர்னு கோடு போட்டிருக்கும். சில வண்டிக்கு ஒரே நம்பர்தான் இருக்கும், அப்ப யோசிக்கவே வேணாம், அதயே வாங்குங்க. ரெண்டு மூணு நம்பர் குடுத்திருந்தா அதுல பின் நம்பர் ஒண்ணா இருக்கறத எடுத்து, முன் நம்பர் சின்னதா இருக்கறதப் புடிங்க. உதாரணத்துக்கு 10டபிள்யூ-40, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 மூணும் ஓகேன்னு போட்டிருந்தா ஊட்டிக்காரங்க 10டபிள்யூ-40 எடுக்கலாம், மேட்டுப்பாளையத்துல வெச்சிருக்கவங்களுக்கு 20டபிள்யூ-40யே போதும். மலைக்குன்னு நீங்க செய்ய வேண்டிய மாத்தம் இவ்வளவுதான், மேனுவல்ல இல்லாத நம்பருக்குத் தாண்டாதீங்க.

நம்பர் மட்டும் பாத்து வாங்கிட்டு வந்துறாதீங்க, டப்பா பின்னாடி ஏபிஐன்னு ஒரு தர எழுத்து இருக்கும். பெட்ரோலுக்கு எஸ்ல ஆரம்பிக்கும், எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பின்னு, ரெண்டாவது எழுத்து தள்ளிப் போகப் போக புதுசு, பொதுவா பழசு கேட்ட எடத்துல புதுசப் போடலாம். டீசலுக்கு 'சி'ங்கற எழுத்துல ஆரம்பிக்கும், சிஎச்-4, சிஐ-4 மாதிரி. பிஎஸ்6 டீசல் கார்ல பொகைய வடிகட்டற டிபிஎஃப் இருந்தா அதுக்குன்னு சாம்பல் கம்மியா விடற ஆயில் வேணும், மேனுவல்ல ஏசிஇஏ (ஐரோப்பிய வண்டிக் கம்பெனிகள் சங்கத்தோட தரம்) சி2, சி3ன்னு எழுதியிருக்கும். சாதா டீசல் ஆயில் ஊத்தினா ஃபில்டர் அடைச்சு, அப்புறம் ஷோரூம் காட்டற பில்லப் பாத்தா ஆயில் வாங்கறப்ப மிச்சம் புடிச்ச காசு ஒரு மூலைக்கு காணாது.

பழைய ஜீப், பழைய வேன் வெச்சிருக்கவங்க சிலர் இன்னும் வெறும் 40 நம்பர் ஆயில், அதாவது டபிள்யூவே இல்லாத ஒத்த நம்பர் ஆயில் ஊத்தறாங்க. அந்த ஆயிலுக்கு குளிர் டெஸ்டே கெடையாது. கோத்தகிரில ஜனவரி காலைல அந்த ஜீப்ப ஸ்டார்ட் பண்றதுக்கு நாலு பேரு தள்றதுக்கு அதுவும் ஒரு காரணம். 15டபிள்யூ-40 டீசல் ஆயில் எந்தக் கடைலயும் கெடைக்குது, வெலையும் பெருசா வித்தியாசம் இல்ல, மெக்கானிக்க ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்திக்கலாம்.

பைக்குக்கு கார் ஆயில் ஊத்தாதீங்க

இத தனியா சொல்றேன், ஏன்னா "வீட்டுல காருக்கு வாங்கின ஆயில் ஒரு லிட்டர் மிச்சம் இருக்கு, பைக்குக்கு ஊத்திக்கவா"ன்னு கேக்காத ஆளே இல்ல. பைக்ல ஒரே ஆயில்தான் இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் மூணுக்கும். கார் ஆயில்ல, அதுவும் லேசான நம்பர்கள்ல, உராய்வக் கொறைக்கற மருந்து சேத்திருப்பாங்க, அது கிளட்ச் தட்டுல பட்டா தட்டு வழுக்கும். சமவெளில அவ்வளவா தெரியாது, கல்லட்டில பின்னாடி ஆள வெச்சுட்டு ஏறறப்ப தெரியும், இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பைக் ஆயில் டப்பால ஜாசோங்கற ஜப்பான் தர முத்திரைல எம்ஏ இல்லன்னா எம்ஏ2ன்னு இருக்கணும். ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டிகள்ல கிளட்ச் ஆயில்ல முங்கி இருக்காது, அதுக்கு எம்பின்னு வேற. ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளுக்கு 10டபிள்யூ-30, என்ஃபீல்டு கிளாசிக்குக்கு 15டபிள்யூ-50ன்னு கம்பெனியே சொல்லிருக்கு, நீங்க ஊட்டில இருக்கீங்கன்னு அத மாத்த வேண்டியதில்ல.

கார்புரேட்டர் பைக், பெரும்பாலும் 2020 ஏப்ரலுக்கு முந்தின பிஎஸ்4, பிஎஸ்3 வண்டிகள் வெச்சிருக்கவங்க ஒண்ணு கவனிங்க. மேல காத்து லேசு, ஆனா கார்புரேட்டர் பெட்ரோல கிட்டத்தட்ட கீழ விட்ட அளவுலயே விடும், அதுக்கு மேல காலைல சோக்க இழுத்து வெச்சே சேரிங் கிராஸ் வரைக்கும் வந்துருவீங்க. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல வழிஞ்சு கீழ ஆயில்ல கலக்கும், ஆயில் தண்ணியாட்டம் ஆகும். டிப்ஸ்டிக்க (ஆயில் அளவு பாக்கற குச்சி) மோந்து பாத்தா பெட்ரோல் வாசம் வரும். வண்டி ஒழுங்கா நிக்க ஆரம்பிச்சதும் சோக்க உள்ள தள்ளிருங்க.

காலைல ஸ்டார்ட் பண்றது

பத்து நிமிஷம் ஐடில்ல விட்டு சூடு பண்ற பழக்கம் இங்க ரொம்ப பேருக்கு இருக்கு. தேவையே இல்ல, ஐடில்ல இன்ஜின் சூடாகறதே மெதுவாதான், அவ்வளவு நேரமும் கூடுதல் பெட்ரோல்தான் உள்ள போகுது. அர நிமிஷம், ரொம்ப குளிர்னா ஒரு நிமிஷம், ஆயில் லைட்டு அணைஞ்சிருக்கணும், அப்புறம் மெதுவா கெளம்பிருங்க. மொத ரெண்டு மூணு கிலோமீட்டர் வேகம் வேணாம். ஸ்டார்ட் ஆன உடனே சும்மா வ்ரூம் வ்ரூம்னு ரேஸ் பண்றவங்கள பாத்தா எனக்கு கை நடுங்கும், ஆயில் இன்னும் மேல ஏறவே இல்ல, அதுக்குள்ள அதட்டறாங்க. வீட்டு வாசல்லயே செங்குத்தான மேடுன்னா (நம்ம ஊர்ல பாதி வீடு அப்படித்தான்) இன்னும் ஒரு நிமிஷம் கூட விட்டு ஏத்துங்க, தப்பில்ல. டீசல்ல ஹீட்டர் லைட்டு அணையற வரைக்கும் பொறுத்து செல்ஃப் அடிங்க.

காலைல கியர் விழ மாட்டேங்குது, கல்லாட்டம் இருக்குன்னு சொல்லி இன்ஜின் ஆயில மாத்தறவங்க இருக்காங்க. கார், ஜீப், பிக்கப்ல கியர் பாக்ஸ் ஆயில் வேற. அதுதான் குளிர்ல கெட்டியாகுது. ரெண்டு கிலோமீட்டர் ஓடினா சரியாயிரும். ஆகலன்னா கியர் ஆயில் எந்த நம்பர், எப்ப மாத்தினதுன்னு கேளுங்க, மேனுவல் சம்மதிச்சா 80டபிள்யூ-90க்குப் பதிலா 75டபிள்யூ-90 போடலாம்.

மூடிக்கு அடில டீ நொர மாதிரி இருந்தா

குளிர்காலத்துல ஆயில் ஊத்தற மூடியத் தொறந்தா உள்பக்கம் வெள்ளையா, பழுப்பா ஒரு பசை ஒட்டியிருக்கும். பாத்ததும் ஹெட் கேஸ்கட் (கூலண்ட் ஆயில்ல கலக்காம தடுக்கற சீல்) போச்சுன்னு பயந்துருவாங்க. பெரும்பாலும் அது இல்ல. வீட்ல இருந்து மார்க்கெட், மார்க்கெட்ல இருந்து ஸ்கூலுன்னு ரெண்டு ரெண்டு கிலோமீட்டரா ஓட்டினா இன்ஜின் முழுசா சூடாகாது, எரியறப்ப வர்ற நீராவி வெளிய போகாம உள்ளயே குளிர்ந்து ஆயிலோட சேந்து நொரைக்கும். நீலகிரி மழையும் மூடுபனியும் சேந்தா இன்னும் அதிகம். வாரத்துக்கு ஒரு தடவையாவது அர மணி, முக்கா மணி நேரம் நிக்காம ஓட்டுங்க, ஊட்டில இருந்து கோத்தகிரி போயி வந்தா போதும், தண்ணி ஆவியாகிரும். மூடியத் தொடச்சுட்டு ஓட்டியும் திரும்பத் திரும்ப வந்தா, கூலண்ட் கொறைஞ்சுட்டே இருந்தா, டிப்ஸ்டிக்லயே ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தா, அப்ப ஓட்டாதீங்க, மெக்கானிக்க வரச் சொல்லுங்க.

டிபிஎஃப் இருக்க டீசல் கார்ல இன்னொண்ணு, குட்டி ஓட்டத்துல ஃபில்டர் தன்ன சுத்தம் பண்ணிக்க முடியாம பாதில நின்னுரும், அப்ப டீசல் ஆயில்ல எறங்கும். ஆயில் அளவு ஏறிக்கிட்டே போகுதேன்னு சந்தோஷப்படாதீங்க.

இப்படி குட்டி ஓட்டமே அதிகம்னா, மேனுவல்ல "கடின உபயோகம்"னு ஒரு பகுதி இருக்கும், அந்த கிலோமீட்டர்ல மாத்துங்க. பல வண்டிக்கு அது சாதாரண இடைவெளில பாதிதான். கிலோமீட்டர் ஓடலன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும். தேயிலை பச்சை இலை ஏத்தற பிக்கப், விடியக்காலம் கேரட் லோடோட மேட்டுப்பாளையம் மண்டிக்கு எறங்கற வண்டிங்களுக்கும் இதே கணக்குதான்.

அளவு பாக்கறது

சமமான எடத்துல நிறுத்தி, இன்ஜின ஆஃப் பண்ணி அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்க எடுத்துத் தொடச்சு, திரும்ப விட்டு எடுத்துப் பாருங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. குன்னூர்ல சமமான எடம் எங்க இருக்குங்கறதுதான் பிரச்சனை. பெட்ரோல் பங்க்ல காத்து புடிக்கிற எடம் ஓரளவு சமமா இருக்கும், அங்க பாத்துக்கோங்க. வீட்டு சரிவுல நிறுத்திப் பாத்து, கம்மியா இருக்குன்னு ஊத்திட்டே இருந்தா மேல் கோட்டத் தாண்டிரும், அதுவும் கெடுதல்தான். பைக்க சைடு ஸ்டாண்டுல சாச்சுப் பாக்காதீங்க, நேரா நிறுத்துங்க. திருகற மூடி வெச்ச டிப்ஸ்டிக்க திருகிப் பாக்கணுமா சும்மா வெச்சுப் பாக்கணுமாங்கறது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல பாத்துக்கோங்க.

மலைல அளவு ஏன் முக்கியம்னா, ஆயில் கீழ் கோட்டுக்கு வந்திருக்கப்ப செங்குத்துல ஏறி கொண்டை ஊசி வளைவுல திரும்பினா சம்ப்ல, அதாவது இன்ஜினுக்கு அடில ஆயில் தேங்கற தொட்டில, ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கும், பம்போட உறிஞ்சு குழாய்க்கு காத்து மாட்டும். வளைவுல ஆயில் லைட்டு ஒரு செகண்ட் மினுக்கிச்சுன்னா அது வயரிங் கோளாறுன்னு நெனைக்காதீங்க, நிறுத்தி அளவப் பாருங்க. அதே மாதிரி குன்னூர்ல இருந்து ரெண்டாவது கியர்லயே ஆக்சிலேட்டர விட்டு எறங்கறப்ப, பழைய பெட்ரோல் இன்ஜின்ல உள்ள உறிஞ்சற வேகம் அதிகமாகி வால்வு சீல், பிஸ்டன் ரிங்கு வழியா ஆயில இழுக்கும், கல்லார் வந்து சமதரைல மிதிச்சதும் பின்னாடி நீலமா ஒரு பொக வரும். அப்படி வர்ற வண்டின்னா ஒவ்வொரு எறக்கத்துக்கும் அப்புறம் அளவு பாக்கறது நல்லது. அதுக்காக நியூட்ரல்ல எறங்கிறாதீங்க சாமி, ஆயில் வாங்கிக்கலாம், பிரேக் போனா என்ன பண்றது.

வாங்கறப்பவும் மாத்தறப்பவும்

சீல் ஒடையாத டப்பாவா, தேதி இருக்கான்னு பாத்து பில்லோட வாங்குங்க. உங்க கண் முன்னாடி சீல ஒடைச்சு ஊத்தச் சொல்லுங்க. காலி டப்பாவ வாங்கி ஒரு ஓட்ட போட்டுட்டு எறியுங்க, முழு டப்பாவா விட்டா அதுல எதையாவது ரொப்பி திரும்ப விக்கிறவங்க இருக்காங்க. சிந்தெட்டிக் வாங்கலாமா மினரல் போதுமான்னா, மேனுவல் சிந்தெட்டிக் கேக்கலன்னா மினரலோ செமி சிந்தெட்டிக்கோ போதும், ஆனா குளிர்ல ஓடறதுல சிந்தெட்டிக் ஒரு படி மேலதான், விடியக்காலம் அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கறவங்க காசு இருந்தா போடுங்க. ஃபில்டரும் ட்ரெயின் நட்டு வாசரும் சேத்து மாத்துங்க, வாசருக்கு ஆகற காசப் பாத்து பழசையே போட்டா அப்புறம் தரையெல்லாம் ஆயில் சொட்டும். இன்ஜின் சூடா இருக்கப்ப பழச எறக்கினாதான் முழுசா வரும், குளிர்ந்த இன்ஜின்ல எறக்கினா பாதி அழுக்கு உள்ளயே தங்கிரும்.

எறக்கின பழைய ஆயில வீட்டுப் பக்கத்து ஓடைல, தேயிலைச் செடி ஓரத்துல கொட்டாதீங்க, அந்த ஓடைத் தண்ணி கீழ யாரோ குடிக்கிற தண்ணி. அந்தக் காலி டப்பா ஒண்ணுல புடிச்சு ஒர்க்ஷாப்ல குடுத்துருங்க, அவங்க ட்ரம்ல சேத்து வெச்சு பழைய ஆயில் எடுக்க வர்றவங்ககிட்ட போட்டுருவாங்க, டப்பால ஓட்ட போடறத மட்டும் அதுக்கப்புறம் வெச்சுக்கோங்க.